மாட்டுக் காசில் ரயில் ஏறியவர்



நம் சுவர் இதழில் விஞ்ஞானிகள் வரலாறு வந்துவிட்டது. தலைவர்கள் வரலாறும் வந்துவிட்டது. இந்தத் தடவை நான் ஒரு கார் கம்பெனிக்காரரைப் பற்றி எழுதப் போகிறேன். கார்க்காரர் கதை நமக்கு எதுக்குன்னு நினைக்காதீங்க. இவரும் மழையை நம்பி இருந்த ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளைதான். வீட்டில் மாடு விற்று வைத்திருந்த காசைத் திருடிக்கொண்டு ஓடிப்போனவர். அந்தக் காசை எப்படித் திருப்பிக் கொடுத்தார் என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஆனால் அதைக் கடைசியில்தான் சொல்வேன்.

நம் ஊர் ரோட்டில் போகும் கார்களின் முகப்பைப் பார்த்திருப்பீர்கள். வட்டத்துக்குள் கொஞ்சம் சாய்ந்த மாதிரி ஆங்கில ‘எச்’ எழுத்து இருக்கும். அது ஹூண்டாய் கார். தென் கொரியா நாட்டுக் கம்பெனி. ஆனால் கார்கள் கொரியாவிலிருந்து கப்பலில் வருவதில்லை, நம் தமிழ்நாட்டிலேயே ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் செய்கிறார்கள். 2023-ஆம் ஆண்டில் மட்டும் இந்த இந்தியக் கம்பெனி விற்ற கார்கள் 7,65,786. இதில் 6,02,111 நம் நாட்டுக்குள் விற்றவை. மீதி 1,63,675 கார்கள் இங்கிருந்து வெளிநாடுகளுக்குப் போனவை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,100 கார். உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் மலைப்பாக இருக்கும். ஹூண்டாயும் அதன் கூட்டாளி கியாவும் சேர்ந்து 2022-இல் 68 லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்று, ஜப்பானின் டொயோட்டா, ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் இரண்டுக்கும் அடுத்து உலகத்தில் மூன்றாவது இடத்துக்கு வந்தன.

இந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர் பெயர் சுங் ஜூ யங். கொரியாவில் குடும்பப் பெயர் முதலில் வரும். அதனால் சுங் என்பது குடும்பப் பெயர், ஜூ யங் அவருக்கு வைத்த பெயர்.

நாலு தடவை ஓட்டம்

1915 நவம்பர் 25-ஆம் தேதி, கொரியாவின் கிழக்குக் கடற்கரைப் பக்கம் டோங்சோன் வட்டாரத்தில் அசான் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தார். அப்போது கொரியா முழுவதும் ஜப்பான்காரர்கள் ஆட்சியில் இருந்தது. நம்மை வெள்ளைக்காரன் ஆண்ட மாதிரி. வீட்டில் இவர்தான் மூத்த பிள்ளை. பின்னால் தம்பி தங்கைகள் வரிசையாக இருந்தார்கள். நிலம் கொஞ்சம், அதுவும் கல்லும் மேடுமான நிலம். குளிர்காலத்தில் பனி கொட்டி மூடிவிடும். விளைந்தால் சோறு, விளையாவிட்டால் கஞ்சியும் இல்லை.

சுங் பள்ளிக்கூட வாத்தியார் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றுவிட்டது. மூத்த மகன் நிலத்தைப் பார்க்க வேண்டும், தம்பி தங்கைகளைக் கரையேற்ற வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. இது நம் வீடுகளிலும் கேட்கிற பேச்சுதானே. நம்மில் பல பேருடைய அண்ணன்கள் பத்தாவதோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்கும் போனது இதனால்தான்.

அந்தக் கிராமத்தில் ஊர்த்தலைவர் வீட்டுக்கு மட்டும்தான் செய்தித்தாள் வரும். சுங் அங்கே போய், பழைய தாளானாலும் விடாமல் படிப்பார். அதில்தான் ஊருக்கு வெளியே ஒரு உலகம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். ஒரு நாள் எங்கேயோ ரயில் பாதை போடும் வேலை நடக்கிறது என்று படித்தார். பதினாறு வயதில் ஒரு நண்பனைக் கூட்டிக்கொண்டு மலை தாண்டி நடந்தே போய்விட்டார். இரண்டு மாதம் மண் சுமந்தார். அப்பா தேடி வந்து கூட்டிப் போய்விட்டார்.

அடுத்த தடவை தலைநகரம் சோலுக்குக் கிளம்பினார். வழியில் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒருவன் ஏமாற்றிவிட்டான். மறுபடியும் அப்பா கையில் அகப்பட்டார்.

மூன்றாவது ஓட்டம்தான் முக்கியம். சோலில் கணக்கு எழுதப் பழக்கும் பள்ளி ஒன்று இருப்பதைச் செய்தித்தாள் விளம்பரத்தில் பார்த்தார். அதில் சேரக் காசு வேண்டும். அப்பா ஒரு மாட்டை விற்று 70 வோன் பணம் வைத்திருந்தார். வோன் என்பது கொரியா நாட்டுப் பணம். அதை எடுத்துக்கொண்டு சொல்லாமல் ரயில் ஏறிவிட்டார்.

மாடு விற்ற காசு என்றால் என்ன என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரிமங்கலம் சந்தையில் மாட்டை விற்றுவிட்டு வரும் தாத்தாக்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். அது கல்யாணக் காசாக இருக்கும், இல்லை விதைக்கோ வட்டிக்கோ கொடுக்க வேண்டிய காசாக இருக்கும். கொரியாவிலும் அன்றைக்கு உழுவது, வண்டி இழுப்பது எல்லாம் மாடுதான். மாடு போனால் பாதி குடும்பம் போன மாதிரி. சுங்குக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எடுத்தார். வீட்டைக் காப்பாற்றத்தான் போனார் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, திருட்டு திருட்டுதான். அவரும் கடைசி வரைக்கும் அப்படித்தான் நினைத்திருக்கிறார், இல்லாவிட்டால் பின்னால் அப்படிச் செய்திருக்க மாட்டார்.

இரண்டு மாதம் நன்றாகப் படித்தார். அப்பா எப்படியோ முகவரியைக் கண்டுபிடித்து வந்து நின்றார். அடிக்கவில்லை, கெஞ்சினார். அப்பா கெஞ்சினால் யாரால் தாங்க முடியும்? திரும்பி ஊருக்குப் போனார். ஆனால் அடுத்த வருஷமும் மழை பொய்த்தது. பதினெட்டு வயதில் ராத்திரியோடு ராத்திரியாக நான்காவது முறை கிளம்பினார். இந்த முறை அப்பா தேடி வரவில்லை.

மூட்டைப்பூச்சி

இன்சோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அங்கே கூலிகள் தங்கும் கொட்டகையில் மூட்டைப்பூச்சித் தொல்லை தாங்க முடியாது. இவரும் கூட இருந்தவர்களும் ஒரு மேசை மேல் படுத்தார்கள். பூச்சிகள் மேசைக் கால் வழியாக ஏறி வந்தன. உடனே நாலு கால்களையும் நாலு தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினார்கள். நம் வீட்டில் எறும்பு ஏறாமல் இருக்கச் சாப்பாட்டுக்கு வைப்போமே, அது மாதிரி. இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அப்புறம் மறுபடியும் கடி. விளக்கு ஏற்றிப் பார்த்தால், பூச்சிகள் சுவர் ஏறி, கூரைக்குப் போய், அங்கிருந்து நேராக இவர்கள் மேல் குதிக்கின்றன! இந்தக் கதையை அவர் பெரிய முதலாளி ஆன பிறகும் தன் தொழிலாளர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பாராம். முடியாது என்று யாராவது வந்து நின்றால் மூட்டைப்பூச்சி அளவுக்காவது யோசித்தாயா என்பது போலக் கேட்பார் என்கிறார்கள்.

பிறகு ஒரு கல்லூரிக் கட்டட வேலை, ஒரு பாகு காய்ச்சும் ஆலை என்று அலைந்து, கடைசியில் சோலில் ஒரு அரிசிக் கடையில் வேலை கிடைத்தது. சைக்கிளில் அரிசி மூட்டை கொண்டுபோய்ப் போட வேண்டும். சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று கடைக்காரர் கேட்டதற்குத் தெரியும் என்று சொல்லிவிட்டார். மூட்டை வைத்து ஓட்டத் தெரியாது. முதல் நாளே மழையில் சேற்றில் விழுந்து அரிசியெல்லாம் நாசம். அன்று ராத்திரியிலிருந்து தூங்காமல் பழகினார். கொஞ்ச நாளில் இரண்டு மூட்டை வைத்துப் பறந்தார். விடியும் முன் எழுந்து கடை வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார். கணக்கும் தெரியும் என்பதால் கடைக் கணக்கும் இவர் கைக்கு வந்தது. கவனித்தீர்களா, மாட்டுக் காசில் படித்த அந்த இரண்டு மாதக் கணக்குப் படிப்பு இங்கேதான் உதவியது.

கடைக்காரருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. சொந்த மகன் பொறுப்பில்லாதவன். 1937-இல் கடையையே இவரிடம் ஒப்படைத்தார். இருபத்திரண்டு வயதில் சொந்தக் கடை. ஆனால் ஜப்பான் அரசு போருக்காக அரிசியைப் பங்கீட்டுக்குக் கொண்டுவந்தது. 1939-இல் கடையை மூட வேண்டியதாயிற்று.

எரிந்த பட்டறை

1940-இல் கார் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றை வாங்கினார். இவருக்கு அப்போது கார் பற்றி ஒன்றும் தெரியாது. பணமும் கிடையாது. அரிசிக் கடைக்கு வந்துபோன ஒருவர், இவர் நாணயத்தைப் பார்த்து 3,000 வோன் கடன் கொடுத்தார். பத்திரம், அடமானம் எதுவும் கேட்கவில்லை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, பட்டறையில் தீப்பிடித்துவிட்டது. பட்டறையோடு போகவில்லை, பழுது பார்க்க விட்டிருந்த அடுத்தவர்களின் வண்டிகளும் எரிந்துபோயின. பட்டறைக்காகப் பட்ட கடன் ஒரு பக்கம், எரிந்த வண்டிகளுக்குக் கொடுக்க வேண்டிய பணம் இன்னொரு பக்கம். வேறு ஒருவராக இருந்தால் ஐந்தாவது முறை ஓடியிருப்பார். சுங் அதே கடன்காரரிடம் போய் நின்றார். நடந்ததைச் சொல்லி, நான் இப்படியே விழுந்துவிட்டால் உங்கள் பழைய கடனையும் அடைக்க முடியாது, இன்னொரு தடவை கொடுங்கள் என்று கேட்டார். அவர் கொடுத்தார்! கொடுத்தவர் பெரிய மனிதரா, கேட்டவர் பெரிய மனிதரா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தடவை ஒரு யுக்தி செய்தார். மற்றப் பட்டறைகளில் சின்ன ரிப்பேரைக்கூடப் பத்து நாள் இழுத்து அதற்கேற்றபடி காசு வாங்குவார்கள். இவர் மூன்று நாளில் முடித்துக் கொடுத்துவிட்டுக் கூலி கொஞ்சம் அதிகமாக வாங்கினார். காரை நம்பிப் பிழைப்பவர்களுக்குக் காசைவிட நாள்தான் பெரிது. கூட்டம் வந்தது. இவரும் மெக்கானிக்குகளோடு இறங்கி, எஞ்சினைப் பிரித்துப் பிரித்து மாட்டி, ஒவ்வொரு பாகத்தையும் கற்றுக்கொண்டார். கடனை வட்டியோடு அடைத்தார். 1943-இல் ஜப்பான் அரசு அந்தப் பட்டறையையும் வேறு ஒரு ஆலையோடு கட்டாயமாகச் சேர்த்துவிட்டது.

1945-இல் ஜப்பான் தோற்று, கொரியாவுக்கு விடுதலை கிடைத்தது. 1946-இல் மறுபடியும் ஒரு கார் பட்டறை போட்டார். அதற்கு வைத்த பெயர்தான் ஹூண்டாய். கொரிய மொழியில் நவீனம், இந்தக் காலம் என்று பொருள். அடுத்த வருஷம் அதே பெயரில் கட்டட கம்பெனி. ஆனால் விடுதலையோடு ஒரு கேடும் வந்தது. நாடு வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிளந்தது. 1950-இலிருந்து 1953 வரை இரண்டும் போரிட்டன. சுங் இருந்தது தெற்கில். பிறந்த அசான் கிராமம் வடக்கில் மாட்டிக்கொண்டது. கோடு போட்ட மாதிரி எல்லை. கடிதம்கூடப் போகாது. முன்னே அப்பா கெஞ்சிக் கூட்டிப்போன வீட்டிலிருந்து இவரே மறுபடியும் ஓடிவந்தார். இப்போது இவர் போக நினைத்தாலும் வழி இல்லை.

பார்லி நாற்று

போர் நடக்கும்போது 1952 டிசம்பரில் அமெரிக்காவின் அடுத்த குடியரசுத் தலைவர் ஐசனோவர் கொரியாவுக்கு வந்தார். பூசான் நகரத்தில் ஐ.நா. வீரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பச்சைப் புல்லாக மாற்றிக் காட்ட வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் கேட்டது. கடுங்குளிரில் புல் எங்கே கிடைக்கும்? சுங் விவசாயி மகன் அல்லவா, ஆற்றோர வயல்களில் குளிரிலும் பச்சையாக நிற்கும் பார்லி நாற்றை லாரி லாரியாகப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டுவிட்டார். பார்க்கப் புல்வெளி மாதிரியே இருந்தது. கேட்டதைப் போல மூன்று மடங்கு பணம் கொடுத்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். கேழ்வரகு நாற்று நட்டவர்களுக்குத்தான் இந்த யோசனை வரும்.

ஆனால் எல்லாம் இப்படிச் சிரிப்பாகப் போகவில்லை. 1953-இல் நக்தோங் ஆற்றின் மேல் போரில் உடைந்த கோரியோங் பாலத்தைக் கட்ட ஒப்பந்தம் எடுத்தார். எடுத்த நேரத்தில் விலைவாசி பல மடங்கு ஏறியது. ஒத்துக்கொண்ட பணத்தில் வேலை முடியாது. சம்பளம் கொடுக்க முடியாமல் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். விட்டுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். தம்பி, மச்சான் எல்லோருடைய வீட்டையும் விற்றுப் பாலத்தைக் கட்டி முடித்தார். பெரிய நஷ்டம். அந்தக் கடனை அடைக்கப் பல வருஷம் ஆனது. ஆனால் நஷ்டத்திலும் வேலையை முடித்தவன் என்று அரசாங்கத்தில் பெயர் வந்தது. 1957-இல் சோலில் ஹான் ஆற்றுப் பாலத்தைச் சரிசெய்யும் பெரிய வேலை இவருக்கு வந்தது இந்தப் பெயரால்தான்.

கப்பல் கட்டும் தளம், நெடுஞ்சாலை, அரபு நாட்டில் துறைமுகம் என்று இவர் செய்தவை நிறைய. அதெல்லாம் எழுதினால் சுவரில் இடம் இருக்காது. காருக்கு வருகிறேன்.

ஐந்து கார்

1967 டிசம்பரில் ஹூண்டாய் மோட்டார் கம்பெனி தொடங்கியது. தம்பி ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். முதலில் சொந்தக் கார் இல்லை. அமெரிக்காவின் போர்டு கம்பெனியிடம் பாகங்களை வாங்கி, கார்ட்டினா என்ற காரைப் பூட்டி விற்றார்கள். கொரியாவின் மேடு பள்ளச் சாலைக்கு அந்தக் கார் தாங்கவில்லை, வாங்கியவர்கள் திட்டினார்கள். போர்டோடு பேச்சும் முறிந்தது.

சொந்தமாகக் கார் செய்வது என்று முடிவெடுத்தார்கள். இங்கிலாந்திலிருந்து ஜார்ஜ் டர்ன்புல் என்ற அனுபவசாலியைக் கூட்டி வந்தார்கள். இத்தாலியின் ஜூஜாரோ உருவத்தை வரைந்தார். எஞ்சின் ஜப்பானின் மிட்சுபிஷியிடமிருந்து வந்தது. இப்படி மூன்று நாட்டு உதவியோடு 1975 டிசம்பரில் போனி என்ற கார் தயாரிப்பு தொடங்கியது. போனி என்றால் மட்டக்குதிரை. 1976-இல் கொரியாவுக்குள் 10,726 போனி விற்றது. அன்றைக்கு அது பெரிய சாதனை. ஆனால் அதே வருஷம் வெளிநாட்டுக்கு முதல் முதலாக எத்தனை போனி போனது தெரியுமா? ஈக்வடார் நாட்டுக்கு ஐந்து கார். ஐந்தே ஐந்து!

1977-இல் கொரியாவிலிருந்த அமெரிக்கத் தூதர் இவரைச் சந்தித்து, சொந்தக் கார் ஆசையை விட்டுவிட்டு மறுபடியும் அமெரிக்கக் கம்பெனியின் காரைப் பூட்டிக் கொடுங்கள், உதவி செய்கிறோம் என்றாராம். சுங் மறுத்துவிட்டார். தோற்றாலும் பின்னால் வருபவர்களுக்குப் பாதையாவது மிஞ்சும் என்பது அவர் நினைப்பு.

பத்து வருஷத்தில், 1986-இல், எக்செல் என்ற சின்னக் காரை அமெரிக்காவிலேயே இறக்கினார்கள். விலை ஐயாயிரம் டாலருக்கும் கீழே. முதல் வருஷமே 1,68,882 கார் விற்றது. அடுத்த வருஷம் 2,63,610. எல்லோரும் கொண்டாடினார்கள். நம் ஊரில் ஒரு வருஷம் தக்காளி விலை ஏறினால் மறு வருஷம் எல்லோரும் தக்காளி போடுவார்களே, அந்த மாதிரி கொண்டாட்டம்.

பிறகு எண்ணிக்கை சரிய ஆரம்பித்தது. ஏனென்றால் கார் சீக்கிரம் பழுதானது, துருப்பிடித்தது. அமெரிக்காவில் தொலைக்காட்சியில் நகைச்சுவைக்காரர்கள் ஹூண்டாயைக் கிண்டல் செய்தார்கள். 1998-இல் அங்கே விற்றது 90,217 கார்தான். எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு வருஷம் எத்தனை கார் விற்றது என்பது அந்த வருஷத்துக் கணக்கு மட்டும் இல்லை. நாலு வருஷம் முன்னால் வாங்கியவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் என்ன சொன்னான் என்பதும் அதற்குள் இருக்கிறது. மூன்று நாளில் ரிப்பேர் செய்து கொடுத்துப் பெயர் வாங்கிய மனிதரின் கம்பெனி, கார் அடிக்கடி ரிப்பேர் ஆகிறது என்று பெயர் கெட்டது வேதனைதான்.

1998-இன் கடைசியில் அவர்கள் ஒன்று செய்தார்கள். எஞ்சினுக்கும் கியர் பகுதிக்கும் பத்து வருஷம் அல்லது ஒரு லட்சம் மைல் உத்தரவாதம் என்று அமெரிக்காவில் அறிவித்தார்கள். அப்போது வேறு யாரும் இவ்வளவு கொடுக்கவில்லை. கெட்டுப்போனால் கம்பெனியே திவாலாகும், அதனால் தரத்தைச் சரிசெய்தே ஆகவேண்டும். 2001-இல் அங்கே விற்பனை 3,46,235 ஆனது.

1998

அந்த ஒரு வருஷத்தில் நடந்ததைத் தனியாக எழுத வேண்டும். முந்தின வருஷம் கிழக்கு ஆசியா முழுவதும் பண நெருக்கடி. கொரியாவில் கார் வாங்க ஆள் இல்லை. ஹூண்டாய் மோட்டார் ஆயிரக்கணக்கானவர்களை வேலையை விட்டு எடுக்கப் பார்த்தது. உல்சான் தொழிற்சாலையில் கோடை முழுக்கப் போராட்டம். கடைசியில் பேச்சுவார்த்தையில் 277 பேரை நீக்குவது என்று முடிந்தது. அதில் பாதிக்கும் மேல் தொழிற்சாலைச் சமையல் கூடத்தில் வேலை செய்த பெண்கள். விற்பனை ஏறும்போது சமைத்துப் போட்டவர்கள், இறங்கும்போது முதலில் வெளியே போனார்கள். சுங் முன்பிருந்தே தொழிற்சங்கம் என்றால் கடுமையாக நடந்துகொண்டவர். மூட்டை தூக்கிய ஒருவர் இப்படி இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. நல்லதை மட்டும் எழுதினால் அது வரலாறு இல்லை என்பதால் இதையும் எழுதுகிறேன்.

அதே வருஷம் செப்டம்பரில்தான் நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ என்ற கார் விற்பனைக்கு வந்தது. 1996-இல் அடிக்கல் நாட்டிய தொழிற்சாலை. உயரமாக, குட்டையாக, பார்க்க டப்பா மாதிரி இருக்கும். ஆனால் தலைப்பாகை கட்டியவரும் தாராளமாக உட்காரலாம். அது நன்றாக ஓடியதால்தான் 2008-இல் இரண்டாவது தொழிற்சாலையும் அங்கேயே வந்தது. 2021 ஜூன் 30-ஆம் தேதி அங்கிருந்து ஒரு கோடியாவது கார் வெளியே வந்தது. கியா கம்பெனியையும் அதே 1998-இல்தான் ஹூண்டாய் ஏலத்தில் எடுத்தது. நம் தருமபுரி வழியாகப் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே பெங்களூர் தாண்டி வடக்கே போனால் ஆந்திராவில் பெனுகொண்டா வரும். 2019-இலிருந்து கியா கார்கள் அந்தப் பக்கம்தான் தயாராகின்றன.

இப்போது மாட்டுக் கதைக்கு வருகிறேன். ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா.

தென் கொரியாவின் மேற்குக் கடற்கரையில் சோசான் என்ற இடம். அங்கே சுங் கடலுக்குக் கரை கட்டி நிலம் எடுத்தார். கரையின் கடைசி இடைவெளியை மூட முடியவில்லை. எத்தனை பெரிய பாறையைப் போட்டாலும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. 1984-இல் 300 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு பழைய எண்ணெய்க் கப்பலைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தித் தண்ணீரைத் தடுத்து, வேலையை முடித்தார். அந்த நிலத்தில் நெல் விளைந்தது. மாடும் வளர்த்தார்.

1989 ஜனவரியில் முதல் முறையாக வட கொரியாவுக்குப் போகவும், பிறந்த ஊரைப் பார்க்கவும் அனுமதி கிடைத்தது. அப்பா அம்மா எல்லாம் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. காசைத் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.

வடக்கில் 1990-களில் பெரும் பஞ்சம். 1998 ஜூன் 16-ஆம் தேதி, எண்பத்திரண்டு வயதில், சோசான் பண்ணையில் வளர்த்த 500 மாடுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு பன்முன்ஜோம் என்ற இடத்தில் எல்லையைத் தாண்டினார். இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு ராணுவம் நிற்கும் எல்லை அது. அக்டோபர் 27-ஆம் தேதி மறுபடியும் போனார். இந்த முறை 501 மாடுகள். ஆக மொத்தம் 1,001. ஆயிரம் என்று முடிக்காமல் ஏன் ஒன்று கூட? அந்த ஒன்று அப்பாவின் மாடு. மீதி ஆயிரமும் வட்டி. வரிசையாக லாரிகளில் மாடுகள் போவதை உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். நம் ஆலம்பாடி மாடு சாம்பல் நிறம், கொரியா மாடு செம்பழுப்பு. மற்றபடி பார்க்கும் பார்வை ஒன்றுதான், படத்தில் பார்த்தேன்.

ஒரு பக்கம் 277 பேர் வேலை இழந்த கோடை, இன்னொரு பக்கம் 1,001 மாடுகள். இரண்டும் ஒரே வருஷம், ஒரே பெயர் கம்பெனி. இதை எப்படிச் சேர்த்து வைத்துப் பார்ப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த மாடுகளுக்குப் பின்னாலேயே, 1998 நவம்பரில், தெற்கிலிருந்து வடக்கே கும்காங் மலையைப் பார்க்கச் சுற்றுலாக் கப்பல் விட்டார். ஐம்பது வருஷமாகச் சொந்த மலையைப் பார்க்காத கிழவர்கள் அதில் ஏறினார்கள். 2000-இல் இவருடைய மகன்களுக்குள் சொத்துச் சண்டை வந்து ஹூண்டாய் துண்டு துண்டாகப் பிரிந்தது. கார் கம்பெனி இரண்டாவது மகன் கைக்குப் போயிற்று. நம் ஊர்ப் பங்காளிச் சண்டைக்குக் கொஞ்சமும் குறைந்தது இல்லை. ஆகையால் அதை விட்டுவிடுகிறேன்.

2001 மார்ச் 21-ஆம் தேதி சுங் ஜூ யங் சோலில் காலமானார். வயது எண்பத்தைந்து. மூன்று நாள் கழித்து வட கொரியாவிலிருந்து ஒரு குழு மலர்வளையத்தோடு எல்லை தாண்டி வந்து, அவர் வீட்டில் அஞ்சலி செலுத்தியது. தெற்கில் ஒருவர் இறந்ததற்கு வடக்கிலிருந்து அப்படி ஆட்கள் வந்தது அதுதான் முதல் தடவை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி